ஸ்டெப்னி இல்லாத கார், பஞ்சரான டயர்: மதுரைப் பக்கம் என்ன வழி?

கேள்வி, 2024 மே 12

அண்ணே, பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறேன். கேஸ் மாட்டிய வண்டி. வட்டமான எல்.பி.ஜி. டேங்கை ஸ்டெப்னி குழிக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். ஸ்டெப்னி எங்கே என்று விற்றவரைக் கேட்டால், "டியூப்லெஸ் டயர்தானே, ஒன்றும் ஆகாது" என்கிறார். நான் நாகமலை புதுக்கோட்டை. வாரா வாரம் உசிலம்பட்டி வழியாக எழுமலை போய் வர வேண்டும். நடுவழியில் பஞ்சரானால் என்ன செய்வது?

மே 12, இரவு

தம்பி, முதலில் டிக்கியைத் திறந்து ஜாக்கியும் வீல் ஸ்பானரும் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டெப்னி போன வண்டியில் பெரும்பாலும் அவையும் கூடவே போயிருக்கும். மற்றதை நாளை எழுதுகிறேன்.

மே 13

"ஒன்றும் ஆகாது" என்பதில் பாதி நிஜம். டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் ஆணியே ஓட்டையை அடைத்துக்கொண்டு நிற்கும், காற்று மெதுவாகத்தான் இறங்கும். ஆணியோடு பல நாள் ஓடிய வண்டிகள் உண்டு. அதனால் ரோட்டோரம் நிறுத்திப் பார்க்கும்போது ஆணித்தலை தெரிந்தால், ஆர்வத்தில் குறட்டை எடுத்துப் பிடுங்கிவிடாதீர்கள். கையில் பஞ்சர் கிட் இருந்தால் மட்டும் பிடுங்கலாம். இல்லையென்றால் ஆணியை விட்டுவிட்டு, காற்று அடித்து, அடுத்த கடை வரை போய்விடலாம்.

மீதிப் பாதிதான் ஆபத்து. காற்று முழுக்க இறங்கிய டயரில் ஓட்டினால், ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே டயரின் பக்கச்சுவர் மடிந்து மடிந்து நசுங்கும். சில நூறு மீட்டர் போதும். வெளியிலிருந்து பார்த்தால் டயர் நன்றாகவே இருக்கும். கடைக்காரர் கழற்றி உள்ளே கையை விட்டால் மிளகுத்தூள் போலக் கருப்பு ரப்பர் பொடி கொட்டும். அந்த டயரை ஒட்டிப் பிரயோசனமில்லை, தூக்கிப் போட வேண்டியதுதான். 100, 150 ரூபாயில் முடிய வேண்டிய வேலை புது டயரில் போய் நிற்பது இப்படித்தான். "அந்தா தெரிகிறது பெட்ரோல் பங்க், அதுவரை போய்விடலாம்" என்ற நினைப்பு கெடுத்த டயர்கள் ஆணி கெடுத்ததைவிட அதிகம் இருக்கும்.

ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தாலோ, பின்பக்கம் ஆடினாலோ, தட்தட் என்று சத்தம் வந்தாலோ உடனே ஓரம் கட்டுங்கள். பிரேக்கை ஓங்கி மிதிக்க வேண்டாம். ஆக்ஸிலேட்டரை விட்டால் வேகம் தானாகக் குறையும். வளைவிலும் பாலத்தின் மேலும் நிற்கக் கூடாது. அதற்காக இன்னும் ஐம்பது மீட்டர் நகர்ந்து டயர் போனால் போகட்டும், ஆள் முக்கியம்.

மே 13, மாலை

காற்று இறங்கிய டயரில் ஓட்டாதே என்பதும் ஐம்பது மீட்டர் நகரலாம் என்பதும் ஒன்றோடொன்று மோதுகிறதே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மோதவில்லை. உயிருக்கு ஆபத்தான இடம் என்றால் நகருங்கள். சோம்பலுக்காக நகராதீர்கள்.

மே 15

சரி, கையில் என்ன இருக்க வேண்டும்? என் கணக்கில் இரண்டே சாமான்: கார் சாக்கெட்டில் செருகும் 12 வோல்ட் காற்று பம்பு, ஸ்ட்ரிப் (பிசுபிசுப்பான ரப்பர் நாடாத் துண்டு) வைத்து அடைக்கும் பஞ்சர் கிட். அந்த கிட்டில் டி வடிவக் கைப்பிடியோடு இரண்டு கருவி இருக்கும். ஒன்று ஓட்டையைச் சுரண்டிச் சீராக்க, இன்னொன்று ஊசிக் காது வைத்தது, ஸ்ட்ரிப்பைக் கோத்து உள்ளே தள்ள. ஒரு குறடும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி, உங்களிடம் ஜாக்கி இல்லாவிட்டாலும் இந்த வேலை நடக்கும். வீலைக் கழற்றாமலே செய்யலாம். முன் டயர் என்றால் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து வையுங்கள், டயரின் முகம், அதாவது ரோட்டில் படும் பக்கம், வெளியே வந்துவிடும். பின் டயரில் ஆணி அடியில் மாட்டியிருந்தால் காற்று அடித்துவிட்டு வண்டியை அரைச் சுற்று நகர்த்தி, ஆணி பின்பக்கமாக வெளியே தெரியும்படி நிறுத்த வேண்டும். ஆணி எந்தச் சாய்வில் ஏறியிருக்கிறது என்று கவனித்து அதே சாய்வில் பிடுங்குங்கள். சுரண்டும் கருவியையும் அதே சாய்வில் விட்டு நாலைந்து தடவை முறுக்கி ஏற்றி இறக்குங்கள். ஸ்ட்ரிப்பை ஊசிக் காதில் பாதி வரை கோத்து, பசை தடவி, இரண்டு நுனியும் கொஞ்சம் வெளியே நிற்கும் அளவுக்குத் தள்ளிவிட்டு, வெடுக்கென்று இழுத்தால் ஊசி மட்டும் வரும். மிச்சத்தைச் சில மில்லிமீட்டர் விட்டு வெட்டிவிடலாம். காற்று அடித்து, ஓட்டை மேல் எச்சில் தொட்டு வையுங்கள். குமிழி வரவில்லையென்றால் கிளம்பலாம்.

எழுதும்போது எளிதாகத்தான் இருக்கிறது. நிஜத்தில் கருவி உள்ளே போக உடம்பு பலம் முழுக்க வேண்டும், கார் டயரில் கம்பி வலை இருக்கிறது. பழைய டயர் ஒன்றைப் பஞ்சர் கடையில் கேட்டு வாங்கி, வீட்டு வாசலில் ஒரு தடவை குத்திப் பழகுங்கள். மே மாத வெயிலில் தார் ரோட்டில் மண்டியிட்டுக் கற்றுக்கொள்ளும் வித்தை இல்லை இது.

பம்பைப் பற்றி ஒன்று. வாங்கிய அன்றே வயர் பின் டயர் வரை எட்டுகிறதா என்று பாருங்கள். எட்டாத பம்புகள் விற்கிறார்கள். அடிக்கும்போது இன்ஜின் ஓடட்டும். பம்பு சூடேறினால் கொஞ்சம் ஆறவிட்டு அடியுங்கள். எத்தனை பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் வேண்டும் என்பது டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும்.

மே 18

டயருக்குள் ஊற்றும் சீலன்ட் திரவம் போதாதா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஸ்டெப்னி இல்லாமல் வரும் புது வண்டிகளில் கம்பெனியே தருவது அதைத்தான். டயரின் முகத்தில் சுமார் 4 மில்லிமீட்டர் வரையான ஓட்டைக்கு அது போதும். ஊற்றி, காற்று அடித்து, உடனே சில கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். அப்போதுதான் திரவம் உள்ளே பரவும். பிறகு நிறுத்திக் காற்று நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். வேகம் 80ஐத் தாண்டக் கூடாது. பாட்டிலில் காலாவதித் தேதி போட்டிருக்கும், அதை யாரும் பார்ப்பதில்லை.

எனக்கு அதில் பிடிப்பு இல்லை. ஒன்று, ஒரு பாட்டில் ஒரு தடவைக்குத்தான். ஸ்ட்ரிப் பாக்கெட்டில் பலமுறைக்கு இருக்கும். இரண்டு, சீலன்ட் ஊற்றிய டயரைப் பஞ்சர் கடைக்குக் கொண்டுபோனால் கடைக்காரர் உங்களைப் பார்க்கும் பார்வையே வேறு. உள்ளே பிசுபிசுவென்று ஒட்டியிருப்பதைக் கழுவித் துடைத்த பிறகுதான் அவர் வேலையே தொடங்கும். ஊற்றியிருந்தால் அதைக் கழற்றும் முன்பே சொல்லிவிடுங்கள், அவர் சட்டையாவது தப்பும்.

மே 19

ஸ்டெப்னி இல்லாவிட்டால் அபராதம் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். 2020 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தினார்கள், அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறை. டிரைவரையும் சேர்த்து 9 இருக்கை வரை, மொத்த எடை 3.5 டன்னுக்குள் இருக்கும் பயணிகள் வாகனத்துக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை.

ஆனால் அதற்கு மூன்று நிபந்தனை: டியூப்லெஸ் டயர் இருக்க வேண்டும், பஞ்சர் கிட் இருக்க வேண்டும், டயர் காற்றழுத்தத்தைக் காட்டும் கருவியும் இருக்க வேண்டும். தம்பியின் கார் பழையது, அந்தக் கருவி இருக்காது. கேஸ் டேங்குக்கு இடம் வேண்டும் என்று ஸ்டெப்னியைத் தூக்கிப் போட்ட வண்டிக்கு இந்தச் சலுகை பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை. வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகி மாட்டும் சென்சார்கள் கடையில் கிடைக்கின்றன. சட்டத்துக்காக இல்லாவிட்டாலும் அது நல்ல முதலீடு. காற்று இறங்கத் தொடங்கும்போதே கத்திவிடும் என்பதால், மே 13ல் நான் சொன்ன கருப்புப் பொடி நிலைமை வராது.

மே 26

யாரோ பஞ்சர் கடைக்காரர்களே ரோட்டில் ஆணி போடுகிறார்கள் என்று ஆரம்பித்துவிட்டார். ஊருக்கு ஊர் இந்தக் குற்றச்சாட்டு உண்டு. எங்காவது நடந்திருக்கலாம். ஆனால் நம் பக்கம் டயரிலிருந்து வெளியே வருவதைப் பாருங்கள்: தகரக் கூரைக்கு அடிக்கும் ஸ்குரூ, லாரியிலிருந்து உதிர்ந்த கம்பித் துண்டு, மாட்டு லாட ஆணி. இதையெல்லாம் கடைக்காரர் காசு கொடுத்து வாங்கி ரோட்டில் வீச வேண்டுமா? அது ரோட்டிலேயே கிடக்கிறது. வண்டிகள் ஓடி ஓடிக் குப்பையெல்லாம் இடது ஓரத்துக்கு ஒதுங்கும், நாமோ பைக்குக்கு வழிவிடக் கீழே இறங்கி ஏறுகிறோம். முன் சக்கரம் படுத்திருக்கும் ஆணியை எழுப்பிவிட, பின் சக்கரம் அதை வாங்கிக்கொள்ளும். இடது பின் டயர் அடிக்கடி பஞ்சராவதற்குக் காரணம் அதுதான், சனிப்பெயர்ச்சி இல்லை.

டி.வி.எஸ். பஸ்கள் மதுரையில் ஓடிய காலத்தில், முதல் பஸ் புறப்படும் முன் காந்தம் கட்டிய வண்டி ஒன்றை ரோட்டில் ஓட்டி லாட ஆணிகளைப் பொறுக்குவார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் காந்த வண்டியைத் தேனி ரோட்டுக்கு ஒரு நாள் வாடகைக்குக் கேட்கலாம்.

சீமைக்கருவேல முள்ளை மறந்துவிட்டேன். மானாமதுரை, திருப்புவனம் பக்கம் வெட்டிப் போட்ட கருவேலங்கிளை மேல் ஏற்றிவிட்டால், முள் முனை ரப்பருக்குள்ளேயே ஒடிந்து நிற்கும். வெளியே எதுவும் தெரியாது. காலையில் எழுந்து பார்த்தால் ஒரு டயர் மட்டும் சப்பையாக இருக்கும். அதைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்க்கத்தான் வேண்டும். சில சமயம் பஞ்சரே இருக்காது, வால்வு பின் தளர்ந்திருக்கும் அல்லது ரிம் ஓரத்தில் துரு ஏறிக் காற்று கசியும்.

ஜூன் 2

இப்போது பக்கச்சுவர் விஷயம். இதற்கு ஸ்ட்ரிப்பும் உதவாது, சீலன்ட்டும் உதவாது.

சாப்டூர்ப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக் கிடாவெட்டு. மச்சானின் புது வண்டியில் போனோம். கம்பெனியே ஸ்டெப்னி தராத வண்டி. திரும்பும்போது பேரையூருக்கு முன்னால், எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கியதில் ரோட்டோரக் கல் ஒன்று இடது முன் டயரின் பக்கத்தைக் கிழித்துவிட்டது. மச்சான் நம்பிக்கையோடு சீலன்ட்டை எடுத்து ஊற்றினார். ஊற்றியது அப்படியே கிழிசல் வழியாக வெளியே வந்து அவர் வேட்டியில் விழுந்தது. கறிச்சோற்றுக் குழம்புக் கறைக்கு மேலே இது.

ஜாக்கி இல்லை. அந்த வழியாக வந்த குட்டியானைக்காரர் தன் பாட்டில் ஜாக்கியைக் கொடுத்தார். அது உயரமானது. காற்று போய் தாழ்ந்து கிடக்கும் காருக்கு அடியில் நுழையவே இல்லை. மண் ரோட்டோரம் என்பதால் கம்பியால் குழி தோண்டி, பலகைத் துண்டு ஒன்றைப் போட்டு, அதன் மேல் ஜாக்கியை வைத்துத் தூக்கினோம். அவரிடம் இருந்த வீல் ஸ்பானர் அதிர்ஷ்டத்துக்குப் பொருந்தியது. நட்டு 17, 19, 21 மில்லிமீட்டர் என்று வண்டிக்கு வண்டி மாறும், பொருந்தாமல் போயிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். கழற்றிய வீலை ஒரு எக்ஸ்.எல். வண்டியில், ஓட்டுபவர் காலுக்கு நடுவே நிறுத்திப் பேரையூருக்கு அனுப்பினோம். காரின் அடியில் கல் அடுக்கிவிட்டு, ஜாக்கியை மட்டும் நம்பாமல், நாங்கள் புளியமரத்தடியில் உட்கார்ந்தோம்.

கடைக்காரர் கிழிசலுக்கு உள்பக்கம் ஒட்டுப் போட்டு, டியூப்லெஸ் வால்வை எடுத்துவிட்டு, உள்ளே ஒரு டியூபைத் திணித்து அனுப்பியிருந்தார். அதை மாட்டி ஊர்ந்து ஊர்ந்து திருமங்கலம் வந்தோம். மறுநாள் புது டயர்.

ஜூன் 3

டியூப் வைத்த விஷயத்தை யாரும் நிரந்தர வழியாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று டயர் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் சொல்வது சரி. டியூப்லெஸ் டயரின் உள்பக்கம் டியூபுக்காகச் செய்தது இல்லை, உரசி உரசி டியூப் சூடாகும். போனால் மெதுவாகப் போகாது, ஒரே வெடிதான். கிழிந்த இடம் வேறு புடைத்துக்கொண்டு நிற்கும். அடுத்த டயர் கடை வரைக்கும் மட்டும், மெதுவாக, ஆளைக் குறைத்து. ஸ்ட்ரிப்பும்கூடத் தற்காலிகம்தான் என்பது அவர் கட்சி: வீலைக் கழற்றி உள்ளிருந்து காளான் வடிவ ஒட்டு போடுவதே முறை, அதுவும் டயரின் முகத்தில், 6 மில்லிமீட்டருக்குள் உள்ள ஓட்டைக்குத்தான். ஸ்ட்ரிப்போடு டயர் தேயும் வரை ஓட்டியவன் நான், ஆனால் எக்ஸ்பிரஸ் வேகத்தில் போகிறவர்கள் அவர் பேச்சைக் கேளுங்கள்.

ஜூன் 4

டயருக்குள் வைக்கோல் திணித்து ஊர் வந்து சேர்ந்த தாத்தா கதையை ஒருவர் போட்டிருக்கிறார். வைக்கோல் திணிக்க டயரை ரிம்மிலிருந்து நெம்ப வேண்டும். கையால் அதை நெம்பத் தெரிந்தவர் பஞ்சரையே ஒட்டிவிடுவார்.

ஜூன் 16

உசிலம்பட்டியில் வேலை பார்க்கும் சகோதரி ஒருவர், இருட்டிய பிறகு தனியாகத் திரும்பும்போது இதெல்லாம் எப்படி நடக்கும் என்று கேட்டிருக்கிறார். ஆண்கள் நாங்கள் இதுவரை குழி தோண்டிய கதையே பேசிக்கொண்டிருந்தோம். நியாயமான கேள்வி.

அம்மா, உங்களுக்கு ஸ்ட்ரிப் வேலையை நான் சொல்ல மாட்டேன். காற்று பம்பு மட்டும் போதும். ஆணி ஏறிய டயர் என்றால் ஐந்து நிமிடம் காற்று அடித்து, ஆள் நடமாட்டமுள்ள இடம் வரை போய்விடலாம். செக்கானூரணியோ, பெட்ரோல் பங்கோ, எது முன்னால் வருகிறதோ அது. காற்று நிற்கவே இல்லையென்றால் நான் முதலில் சொன்னதை மறந்துவிட்டு, டயர் நாசமானாலும் பரவாயில்லை என்று இருபது கிலோமீட்டர் வேகத்தில் வெளிச்சம் வரை உருட்டுங்கள். அதற்குப் பிறகு போன். இன்சூரன்ஸில் ரோட்டு உதவிச் சேவை சேர்த்திருந்தால் அந்த எண்ணை இன்றே போனில் பதிந்துவையுங்கள். பாலிசித் தாள் வீட்டு பீரோவில் இருந்து பயனில்லை. பயமாக இருந்தால் யோசிக்காமல் அவசர உதவி எண் 112.

நாலுவழிச் சாலைக்காரர்களுக்கு: திருமங்கலம் பக்கமோ மேலூர் பக்கமோ தேசிய நெடுஞ்சாலையில் நின்றுபோனால் நெடுஞ்சாலை உதவி எண் 1033. ரோந்து வண்டி, கிரேன் எல்லாம் அவர்களிடம் உண்டு. வண்டியைப் பாதுகாப்பான இடத்துக்கு நகர்த்துவார்கள், பஞ்சர் ஒட்ட மாட்டார்கள். அவர்கள் வரும் வரை நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டு, எச்சரிக்கை முக்கோணத்தை நன்றாகப் பின்னால் தள்ளி வைத்து, எல்லோரும் இறங்கித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நில்லுங்கள். நின்ற காரில் உட்கார்ந்து ஏ.சி. போட்டுக்கொள்ளும் இடம் இல்லை அது.

ஜூன் 17

தடுப்புக்கு அந்தப் பக்கம் என்றால் பாலத்தின் மேல் என்ன செய்வது என்று கேட்ட புத்திசாலிக்கு: நத்தம் ரோட்டு மேம்பாலத்தில் இறங்கிக் குதிக்கச் சொல்லவில்லை. காருக்குப் பின்னால் நிற்காமல், முன்னால் வெகுதூரம் தள்ளிச் சுவர் ஓரமாக நில்லுங்கள்.

ஜூன் 30

மேலூர், கீழவளவு பக்கம் குவாரி ரோடுகளில் ஓட்டுகிறவர் ஒருவர், பம்பு, ஸ்ட்ரிப் இருந்தால் ஸ்டெப்னி வேண்டாம் என்ற முடிவுக்கு வந்துவிட்டேன் என்கிறார். அந்த முடிவை நான் சொல்லவில்லை ஐயா. கிரானைட் சில்லு ஆணி மாதிரி குத்தாது, அறுக்கும். அந்த ரோட்டுக்கு ஸ்டெப்னி இல்லாமல் போகக் கூடாது. ஊருக்குள், பைபாஸ் ரோடு, காளவாசல், மாட்டுத்தாவணி என்று சுற்றுகிறவருக்கு அது சுமை. சந்துக்குச் சந்து கடை இருக்கிறது. தம்பியின் எழுமலை ரோடு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. உசிலம்பட்டி வரை கவலையில்லை, அதைத் தாண்டித்தான் யோசனை.

பக்கத்து வீட்டு ஸ்டெப்னியை இரவல் வாங்கிப் போகலாமா என்றும் கேட்டிருந்தார்கள். அதே மாடல் என்றால் தாராளமாக. நாலு போல்ட்டு இருக்கிறது என்று மட்டும் பார்த்து எடுத்துப் போகாதீர்கள். போல்ட்டுகளுக்கு நடுவே உள்ள அளவு, நடுத் துளை, டயரின் உயரம் எல்லாம் ஒத்துவர வேண்டும்.

ஜூலை 14

தம்பி பழைய இரும்பு ரிம்மும் டயரும் வாங்கி, பின் சீட்டுக்குப் பின்னால் படுக்க வைத்துக் கட்டிவிட்டதாக எழுதியிருக்கிறார். நல்லது. கட்டுவது கெட்டியாக இருக்கட்டும், சடன் பிரேக்கில் அது பறந்து வந்தால் பஞ்சரே தேவலை. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 0915 என்று இருந்தால் 2015ஆம் ஆண்டு ஒன்பதாம் வாரம் செய்த டயர். பட்டன் (டயர் முகத்தில் உள்ள கட்டங்கள்) நன்றாக இருக்கிறது என்று கடைக்காரர் காட்டுவார். ரப்பர் கிழடு தட்டியிருக்கும்.

வண்டியில் இருப்பது அலாய் வீல் என்றால், அதன் நட்டு இரும்பு ரிம்மில் சரியாக உட்காருகிறதா என்று வீட்டிலேயே ஒரு தடவை மாட்டிப் பாருங்கள். சில வண்டிகளில் இரண்டுக்கும் நட்டு வேறு.

ஜூலை 15

உட்காரவில்லையாம். இரும்பு ரிம்முக்கான நட்டு நான்கு தனியாக வாங்கி, துணியில் சுற்றி ஜாக்கியோடு வையுங்கள். மாட்டினால் ஐம்பது கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு தடவை முறுக்கிவிடுங்கள்.